ரூ காயில் கட்டிய ஆபத்துப் பெட்டி

சாமான் வான் ஓட்டுகிறவனுக்குக் கோடைகாலத்தில் பாதை தெரிந்தால் போதும்; பனிக்காலத்தில், பாதையே இல்லாமல் போனால் என்ன செய்வது என்றும் தெரிந்திருக்க வேண்டும். பரிசின் லாச்சப்பலில், எங்கள் கடை இருக்கும் ரூ காய் தெருவில் நின்று இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே விழுவது மழை. நான் போகிற ஓவெர்ஞ் மலைப்பக்கத்தில் விழுவது வேறு. அகதி வழக்கு முடியும்வரை அங்கே கொண்டுபோய் விடப்பட்ட எங்கள் சனங்களில் சிலர், வதிவிடக் காட் கிடைத்த பிறகும் அங்கேயே வேலை எடுத்து இருந்துவிட்டார்கள். அவர்களுக்கும் அரிசி வேண்டும், தேங்காய் வேண்டும், மிளகாய்த்தூள் வேண்டும். கடையிலிருந்து கொண்டுபோய்க் கொடுக்கிறவன் நான். என்னைப்போல் வான் ஓட்டி இடுப்பு, நாரி எல்லாம் நொந்தவர்களே, இது உங்களுக்குத்தான்.

இந்த மாரியில் சாமானோடு ஓர் ஆளையும் ஏற்ற வேண்டி வந்தது. செல்வராணி என்று பெயர். யாழ்ப்பாணத்தில் இருந்து பரிசுக்குப் பக்கத்தில் கார்ஜ் என்ற ஊரில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தார். அவருடைய மகள் சுகந்தி மலையில் இருக்கிறாள். வயிற்றில் தலைப்பிள்ளை. இரத்த அழுத்தம் ஏறியிருப்பதால் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று வைத்தியர் நாளும் குறித்துவிட்டார். "அம்மா வராமல் நான் உள்ளுக்குப் போகமாட்டன்" என்று மகள் தொலைபேசியில் அழுதிருக்கிறாள். இரண்டு தரம் விசா மறுத்து, மூன்றாம் தரம் கிடைத்து வந்த தாய். மகனுக்கு லீவு இல்லை. பனியால் மலைக்குப் போகிற பஸ்சும் நின்றுவிட்டது. மிஞ்சியது என் வானின் முன்சீற்.

பெட்டிக்கு இடம் இல்லை

பனிக்காலம் தொடங்கினால் நான் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியை வானில் ஏற்றுவேன். பனியில் வழுக்காமல் சக்கரத்தில் மாட்டுகிற சில்லுச் சங்கிலி, மண்வெட்டி, இரண்டு தடித்த போர்வை, ரோச் லைற், தண்ணீர், பிஸ்கற், மெழுகுதிரி, தொலைபேசிக்கு மின்சாரம் ஏற்றும் பெட்டி, சில்லு வழுக்கினால் கொட்ட ஒரு பை மணல். இந்தப் பெட்டி முதலாளிக்குப் பிடிக்காது. அந்த இடத்தில் இரண்டு மூடை அரிசி வைக்கலாம் என்பது அவருடைய கணக்கு. சென்ற மாரியில் நான் கோப்பி குடிக்கப் போன நேரம் பெட்டியை இறக்கிவிட்டு அரிசியை ஏற்றியவர் அவர். நான் அதை மறக்கவில்லை. எனக்கு மறதி குறைவு.

இம்முறை அரிசியை நானே இறக்கிவிட்டுப் பெட்டியை ஏற்றினேன். வாசலில் வாழைக்குலை இறக்கிக்கொண்டிருந்த எல்லோருக்கும் கேட்க முதலாளி சொன்னார்: "அண்ணை, நீங்கள் சாமான் குடுக்கப் போறியளோ, இமயமலை ஏறப் போறியளோ?"

நடைபாதையில் சங்கிலி

சங்கிலியை வாங்கிப் பின்னால் போட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. விறைத்த கையோடு, இறங்குகிற பனியில், முதல் முறையாக அந்தப் பையைத் திறந்து பார்ப்பவனைப்போல் பாவப்பட்ட ஆள் இல்லை. ஆகவே காய்ந்த நிலத்தில், பகலில், கையுறை போட்டுக்கொண்டு பழக வேண்டும். கையுறை இல்லாமல் பழகினால் அது பழக்கமே இல்லை. மலையில் கையுறையைக் கழற்ற முடியாது.

புடைவைக் கடைக்கு முன்னால் வானை நிறுத்தி, இழுக்கிற சில்லு இரண்டுக்கும் சங்கிலி போட்டுப் பார்த்தேன். முதல் தரம் இறுக்குகிற கொளுக்கி உள்பக்கம் போய்விட்டது. கழற்றித் திரும்பப் போட்டேன். நல்ல வெயில். பெண்கள் சேலைப் பைகளோடு என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர்கூட "என்ன உதவி" என்று கேட்கவில்லை. அதையும் நான் குறித்து வைத்திருக்கிறேன். புதுச்சேரிக்காரர் ஒருவர், தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வெடுத்தவர், தினமும் எங்கள் கடையில் பேப்பர் பார்க்க வருவார். குனிந்து சில்லைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன மிசியே, ராத்திரி வண்டி ஓடிப்போயிடும்னு கட்டிப் போடறீங்களா?"

மண்வெட்டிக்குத் தடை

வெளிக்கிடுகிற காலை செல்வராணி மகனோடு வந்து இறங்கினார். பத்தியத்தூள், பால்சுறாக் கருவாடு, நல்லெண்ணெய், ஒரு மண்சட்டி. காலில் மெல்லிய செருப்பு. "தங்கச்சி, அங்கை முழங்கால் மட்டும் பனி" என்றேன். "காருக்குள்ளைதானே அண்ணை இருக்கப் போறன்" என்றார். எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். கார் நின்றுவிட்டால் நடக்கப்போவது கால் என்பது ஏறும்போது யாருக்கும் ஞாபகம் வராது. கடைப் பெடியன்களின் சப்பாத்தில் ஒரு சோடி வாங்கிப் போட வைத்தேன். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பெட்டியிலிருந்த என் போர்வை ஒன்றை எடுத்து மண்சட்டியைச் சுற்றிவிட்டார். அதையும் மீட்டு, சட்டியை அரிசி மூடைகளுக்கு நடுவில் இருத்தினேன்.

பிறகு அவருடைய கண் மண்வெட்டியில் பட்டது. முகம் மாறிவிட்டது. பிள்ளைப்பேறு பார்க்கப் போகிற வண்டியில் மண்வெட்டி ஏற்றக் கூடாதாம்; அது எதற்கு எடுக்கிற சாமான் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்டார். தெரியும், குழி வெட்ட. பனி கிண்டவும் அதுதான் வேண்டும் என்றேன். மகனும் தாய் பக்கம். இறக்காவிட்டால் தான் ஏறமாட்டேன் என்று நடைபாதையில் நின்றார். ஏறாவிட்டால் மகள் உள்ளே போகமாட்டாள். நானும் இறக்கமாட்டேன். கடைசியில் அவரே வழி சொன்னார்: "அப்ப என்ரை கண்ணுக்குத் தெரியாமல் வையுங்கோ. அம்மாளாச்சி கேட்டால் நீங்களே பதில் சொல்லுங்கோ."

ஒருவருக்குச் சொல்ல வேண்டும்

பெட்டியில் வைக்க முடியாத ஒரு சாமான் உண்டு. எந்தப் பாதையால் வருகிறோம், எத்தனை மணிக்கு வருவோம் என்பதைப் போய்ச் சேருகிற இடத்தில் ஒருவருக்குச் சொல்லி வைப்பது. சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் அவர் தேடுவார். செல்வராணி ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்றார். பயணம் முடியுமுன் சொன்னால் கண்ணூறாம். மருமகனுக்குச் சொல்லலாம் என்றால், அவரால் பெண்சாதிக்கு எதையும் மறைக்க முடியாது. பனிப் பாதையில் தாய் வருகிறார் என்று கேட்டால் சுகந்திக்கு அழுத்தம் இன்னும் ஏறும்.

அந்த மலையில் பனிக்குள் தேடி வரக்கூடிய வேறு ஒரே ஆள் யோகன். முன்பு இதே கடையில் என்னோடு வான் ஓட்டியவன். எனக்கு இருட்டில் கண் பத்தாது என்று முதலாளியிடம் சொல்லி, என் சுவிஸ் ஓட்டத்தைத் தான் வாங்கியவன். பிறகு அதையும் விட்டுவிட்டு மலைக்குப் போய், நகரசபையில் பனி வழிக்கிற வண்டி ஓட்டுகிறான். அதற்குப் பிறகு நான் அவனோடு கதைத்ததில்லை. என் தொலைபேசியில் அவனுடைய இலக்கம் 'எடுக்காதே' என்ற பெயரில்தான் இருக்கிறது. வானைச் சுற்றி இரண்டு தரம் நடந்தேன். தாயின் முகத்தைப் பார்த்தேன். பிறகு, எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது என்பதால், கடையில் காசு வாங்குகிற மாலினியிடம் தொலைபேசியைக் கொடுத்துச் சொல்லச் சொல்ல எழுத வைத்தேன். கணவாய்ப் பாதையால் வருகிறேன். சுகந்தியின் தாய் கூட. நாலு மணிக்கு ஆசுப்பத்திரி. அவ்வளவுதான். 'சரி' என்று பதில் வந்தது. மாலினி தொலைபேசியைத் திருப்பித் தந்தபடி கேட்டாள்: "மாமா, இது மெசாஜோ, பொலிஸ் கடிதமோ?"

தடியும் தாயும்

மலை ஏறுமுன் அடிவாரத்தில் டீசல் நிரப்பினேன். பரிஸ் டீசல் கடும் குளிரில் தடித்துவிடும். அங்கே விற்பது குளிருக்கென்று செய்தது. அரைத் தாங்கிக்குக் கீழே போகவும் விடக் கூடாது. நின்றுபோனால் சூடு தருவது அதுதான். கொஞ்சத் தூரத்தில் பனி தொடங்கியது. ஒதுங்கி நின்று சங்கிலி போட்டேன். ரூ காயில் சிரித்தவர்கள் ஒருவரும் அங்கே இல்லை என்பது மட்டும் எனக்குக் குறை.

கணவாய்க்கு ஏறுகிற இடத்தில் பாதைக்குக் குறுக்கே தடி. ஜொந்தாம் பொலிஸ் ஒருவர் கையைக் காட்டித் திருப்பினார்: மேலே மூடியாகிவிட்டது, பள்ளத்தாக்கால் சுற்றிப் போ. சுற்றினேன். சுற்றுப் பாதையில் காற்று வயலிலிருந்த பனியை எல்லாம் அள்ளிக் குறுக்கே குவித்திருந்தது. ஒரு வளைவில் வான் மூக்கைக் குத்தி நின்றுவிட்டது. தொலைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. புகைக்குழாய் வாயைப் பனி அடைத்தால் நச்சுப்புகை உள்ளே வரும் என்பதால் முதலில் அதைத் துப்புரவாக்கினேன். பிறகு மறைத்து வைத்த மண்வெட்டியை எடுத்துக் கிண்டத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் என் நாரி பிடித்துக்கொண்டது. சரிந்து வானைப் பிடித்தேன். கதவு திறந்த சத்தம் கேட்டது. பெடியன்களின் சப்பாத்தோடு இறங்கி வந்த செல்வராணி என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினார். தோட்டம் செய்த கை. நான் மணலைத் தூவ, அவர் பாதை வெட்டினார். வான் வெளியே வந்தது. மண்வெட்டியை உதறித் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்: "நான் இதைத் தொட்டதை வீட்டிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

மருமகன் கொடுத்த இடம்

ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி எப்போதோ போய்விட்டது. மருமகன் வாசலில் நின்றார். குறித்த நாள் மறுநாள்தான். ஆனால் பிள்ளைப்பேற்று நோ முந்தித் தொடங்கிவிட்டதாம். அறுவை அறைக்குக் கொண்டுபோக எல்லாம் ஆயத்தம், சுகந்தி மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்தபடி விடவில்லையாம். கூட ஓர் ஆள்தான் போகலாம். மருமகன் தான் போட்டிருந்த பச்சை அங்கியைக் கழற்றி மாமியாரிடம் நீட்டினார். அந்தப் பெடியனைப் பற்றி இதுவரை எனக்கு ஒரு குறை இருந்தது, சொல்லமாட்டேன். அன்றோடு அதை விட்டுவிட்டேன்.

கதவு திறந்தபோது நான் ஒரு கணம்தான் பார்த்தேன். சுகந்தி தாயைப் பார்த்தாள், கம்பியிலிருந்து கையை எடுத்தாள். ஓடிப் போய்க் கட்டிப்பிடிப்பார்கள், அழுவார்கள் என்று நினைத்தேன். மகள் கேட்டது இதுதான்: "அம்மா, ஆரின்ரை சப்பாத்து இது?"

எடுக்காதே

கதிரையில் விழுந்து கண்ணை மூடினேன். அப்போதுதான் தொலைபேசிக்கு உயிர் வந்தது. திறந்து பார்த்தால், தவறிய அழைப்புகளில் 'எடுக்காதே', 'எடுக்காதே', 'எடுக்காதே' என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கிறது. கணவாய்ப் பாதையால் வருகிறேன் என்றல்லவா சொல்லியிருந்தேன்! பாதை மாறியதை அடிவாரத்தில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டித் தொலைபேசி கேட்டாவது சொல்லியிருக்கலாம். மருமகனிடம் கேட்டேன். "யோகன் அண்ணை வேலை முடிஞ்சு வந்து இஞ்சை நிண்டவர். நாலரைக்குப் பிறகு தன்ரை காரிலை வெளிக்கிட்டவர். எங்கை எண்டு சொல்லேல்லை" என்றார். நான் எடுத்தேன். மணி போகவில்லை. அவனுடைய இலக்கத்தை அத்தனை தரம் நான் அழுத்துவேன் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

செல்வராணி முகமூடியோடு எட்டிப் பார்த்து, பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்றார். மருமகன் சுவரில் சாய்ந்து அழுதார். நானும் சந்தோஷப்பட்டேன், ஆனால் கண் வாசற்கதவில்தான். கடைசியில் கதவு திறந்தது. தொப்பி, மீசை எல்லாம் வெள்ளையாக யோகன் வந்தான். காரை இந்தப் பக்கம் விட்டுவிட்டு, மூடிய கணவாய்க்கு நடந்து ஏறித் தேடிவிட்டு இறங்கியிருக்கிறான். இந்தப் பக்கத் தடியருகே நின்ற பொலிஸ், வெள்ளை வான் பள்ளத்தாக்கால் திரும்பியதை வயர்லஸ்சில் கேட்டுச் சொன்ன பிறகு, காரில் எங்கள் சில்லுத் தடத்தைப் பிடித்துச் சுற்றுப் பாதை முழுவதும் போய்த் தேடி வந்திருக்கிறான். என் உடம்பில் இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. மெஷினில் ஒரு கோப்பி எடுத்துக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தான். குடித்து முடித்துத்தான் வாயைத் திறந்தான்: "எங்கடை கோபம் எங்களுக்குள்ளை அண்ணை, அதுக்காகப் பாதை மாத்தினதைச் சொல்லாமல் விடுறதோ?"

இப்போது அவனும் என்னோடு கதைப்பதில்லை. இருந்தாலும் அடுத்த பனிக்கும் அவனுக்குத்தான் சொல்லி வைப்பேன், ஏனென்றால் நாங்கள் பிந்தினால் நண்பர்கள் "வந்திடுவினம்" என்று தேத்தண்ணி ஊற்றுவார்கள், இவன் எங்கே பிழை விடப் போகிறான் என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது கோபக்காரன் மட்டும்தான்.