செபம் நின்றபோது கேட்டது

ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்த மறு வருஷம், தபசுகாலத்து நான்காம் வெள்ளி. இந்தக் குறிப்பேட்டில் சனி என்று முன்பு நான் குறித்திருந்தது பிழை.

தாமிரபரணி வாய்க்கால் பாயும் எங்கள் ஊர் மாதா கோயிலில் நான் கோயில்பிள்ளை, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்பவன். பங்குச்சாமி பிரெஞ்சுக்காரர், காது மந்தம். பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அவர் "உரக்கச் சொல்" என்பார்; சனங்களும் உரக்கச் சொல்வார்கள். அது வெளியே கேட்காதபடி, வரிசையில் நிற்பவர்களைச் சத்தமாகச் செபமாலை சொல்ல வைப்பது என் வேலை. அன்று எனக்குப் புரையேறியது. செபம் நின்றது.

"மச்சான் வயலுக்குப் போற மடைய மூணு நாளா அடச்சு வச்சிருக்கேன் சாமி!"

அந்த மச்சான் வரிசையில் அடுத்து நின்றார். இருவரும் காலமாகிவிட்டார்கள், ஆயினும் பெயர் சொல்லேன். உள்ளே இருந்தவர் மேல்வயல்காரர், வெளியே நின்றவர் கீழ்வயல்காரர். கீழ்வயலில் கதிர் பால் பிடிக்கும் சமயம். இரண்டு நாளில் தண்ணீர் ஏறாவிட்டால் எல்லாம் சாவி, மணியில்லாப் பதர்.

"கேட்டீரா வே, கோயில்பிள்ள!"

"பைய, அண்ணாச்சி. இங்கன காதுல விழுந்தத வெளிய சொன்னா சாவான பாவம்."

"அவன்ட்டயே கேட்டா?"

"கேக்கப்படாது."

"நாலு மிதி மிதிச்சா?"

"எதுக்குன்னு ஊரு கேக்குமே. என்ன சொல்லுவீரு?"

"நானே போயி மடையத் தொறந்துட்டா?"

"ரகசியத்த வச்சுக் காரியம் பாத்ததா ஆயிரும்."

கடைசி பதில் சற்று அதிகம்தான். அவர் முகம் கறுத்தது.

உள்ளேயிருந்து சாமியின் குரல்: "முதலில் மடையைத் திற!"

மேல்வயல்காரர் வெளியே வந்து மச்சானைப் பார்த்து விழித்தார், வேகமாக நழுவினார். கீழ்வயல்காரர் தொட்டிக்குள் போனார். நான் மறுபடி செபம் தொடங்கினேன். பதில் சொல்ல ஆளில்லை. எல்லார் காதும் தொட்டியில்.

"ஒருத்தன மம்பட்டியால வெட்டணும்னு நெனச்சேன் சாமி!"

"எப்போது?"

"இப்பத்தான் சாமி!"

"யாரை?"

"அதச் சொல்லப்படாதாம்!"

"அவனை மன்னித்தாயா?"

"தண்ணி வரட்டும் சாமி, பாப்போம்."

அவர் நேரே வாய்க்காலுக்கு நடந்தார். கைகலப்புக்குப் பயந்து நானும் பின்னால் ஓடினேன். மடை திறந்திருந்தது, தண்ணீர் கீழ்வயலில் பாய்ந்துகொண்டிருந்தது. மேல்வயல்காரர் சேற்றுக் காலோடு நின்றார்.

"மடையில என்னமோ அடச்சுக் கெடந்துது மச்சான். எடுத்து விட்டேன்."

கீழ்வயல்காரர் குனிந்து தண்ணீரில் கையை அளைந்தார்.

"நண்டு மண்ணத் தள்ளியிருக்கும்."

"ஆமா மச்சான். பெரிய நண்டு."

"இனிமே வராதுல்லா?"

"வராது மச்சான்."

குற்றத்தை ஒத்துக்கொள்வது, மனம் வருந்துவது, இனிச் செய்யேன் என்று உறுதி கொள்வது எல்லாம் பிள்ளைகளுக்கு நான் மனப்பாடம் செய்வித்தவை. அத்தனையும் ஒரு நண்டின் பேரில் நடந்து முடிந்ததை அன்று கண்டேன். அதன் பிறகு ஒருவர் மன்னிப்புக் கேட்கும்போது அவர் வார்த்தையை நான் திருத்தியதில்லை.