நடுவர்களைப் படித்துவிட்டுப் போன தஞ்சாவூர்ப் பயணம்

சென்ற மாசியில் நானும் என் மனைவி வசந்தாவும் சேலத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போய் இரண்டு இரவு தங்கி வந்தோம். அங்கே ஒரு திருமண மண்டபத்தில் நடந்த கைவினைச் சந்தையில் அவளுக்கு ஒரு மேசை கிடைத்திருந்தது. இதேபோல் பொருளைத் தூக்கிக்கொண்டு போக நினைப்பவர்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன். வரிசை தவறக்கூடாது என்பதால், சொல்லப்போவதை முதலிலேயே எண் போட்டுவிடுகிறேன்.

1. சுமையோடு போகும் வழி, செலவு.
2. சந்தை நடக்கும் முறை.
3. நடுவர்களின் பின்னணி. அதைப் படித்துக்கொண்டு போனால் யாருக்கு எது பிடிக்கும் என்று முன்பே கணித்துவிடலாம். நம் ஊர்க்காரர் ஒருவர் இருந்தால் நமக்குத் தெம்பு.
4. நேரம் கிடைத்தால் திருவையாறு.

வசந்தா ஓய்வு பெற்ற தையல் டீச்சர். அரிசி மண்டியில் கழித்துப்போடும் சணல் சாக்குகளை வாங்கி, ஊறவைத்துத் துவைத்து, தோள்பை தைக்கிறாள். நான்கு வருடமாக அவை கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் பரிசாகத்தான் போய்க்கொண்டிருந்தன. வாங்கிக்கொள்பவர்கள் எல்லோரும், "டீச்சருக்கு நல்லாப் பொழுது போகுது" என்பார்கள். அந்தச் சொல் அவளுக்கு ஆகாது. இந்தச் சந்தையில் நடுவர்கள் தேர்ந்தெடுக்கும் எட்டுப் பேருக்குச் சென்னையில் மூன்று மாதம் வாடகையில்லாத கடை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"இதுல கிடைக்கலேன்னா மெஷினை வித்துடுவேங்க. பொழுதுபோக்குக்கு எனக்கு மெஷின் வேண்டாம்" என்று நாமக்கல் தாண்டும்போது சொன்னாள். சொன்னால் செய்கிறவள். அதற்குப் பிறகு திருச்சி வரை என்னால் ஜன்னல் பக்கம் பார்க்க முடியவில்லை.

சேலத்திலிருந்து திருச்சிக்கு ஆளுக்கு 130 ரூபாய், திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு 50. இரண்டு பெரிய மூட்டைகளுக்கும் நடத்துநர் தனியாக டிக்கெட் போட்டார், அது நியாயம்தான். காலை ஆறுக்குக் கிளம்பி, திருச்சியில் இட்லி சாப்பிட்டு, பன்னிரண்டுக்குச் சேர்ந்தோம். பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரர் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, "கொள்முதல் நிலையத்துக்கா ஐயா? இந்த அறுப்புல அங்க மூணு நாள் வரிசையில கெடக்கணும்" என்றார்.

"நெல்லு இல்லைங்க, வெறும் சாக்கு" என்றேன்.

"வெறும் சாக்கைத் தூக்கிக்கிட்டு சேலத்துலேர்ந்து வந்தீங்களா?" என்று சிரித்தவர், மண்டபம் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். 120 ரூபாய். அறை வாடகை நாளைக்கு 1,400. மேசைக்கு இரண்டு நாளுக்குமாக 1,500.

சந்தை மறுநாள் காலை தொடங்கியது. முதல் நாள் நடுவர்கள் ஒரு சுற்று வருவார்கள். குறை சொன்னால் சரிசெய்ய ஒரு நாள் கிடைக்கும். இரண்டாம் நாள் மறுபடி பார்த்து மாலையில் பெயர்களை எழுதிப் போடுவார்கள். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பதற்றம் இரண்டு நாளைக்கு நீளும் என்பதை நான் யோசிக்கவில்லை.

இனி நடுவர்கள். சந்தையின் அழைப்பிதழில் மூவரைப் பற்றியும் ஒவ்வொரு பத்தி இருந்தது. அதை நான் பலமுறை படித்திருந்தேன். இளங்கோவன் ஓவியர், திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம், அப்பா அம்மா இருவரும் கூலி வேலைக்குப் போனவர்கள், கும்பகோணத்தில் ஓவியம் படித்து, இப்போது கற்றுக்கொடுக்கிறார். ரஹ்மத் நிஷா துணி வடிவமைப்பாளர், அதிராம்பட்டினத்துக் குடும்பம், தந்தை துபாயில் கடை வைத்திருந்தவர். மூன்றாமவர் பெங்களூரிலிருந்து வந்த நாற்காலி, மேசை வடிவமைப்பாளர், வெளிநாட்டில் படித்தவர், தமிழ் அரைகுறை.

நான் பிறந்ததும் திருத்துறைப்பூண்டி. ஒரே தாலுகா. இளங்கோவன் கட்டாயம் நம் பக்கம், ரஹ்மத் நிஷாவுக்கு வேலைப்பாடு பிடிக்கும், பெங்களூர்க்காரருக்குச் சாக்கு என்ன புரியப்போகிறது என்று கணக்குப் போட்டேன். சரிகை வைத்த பைகள் இரண்டைத் தைக்கச் சொன்னேன். போதாததற்கு ஒரு அட்டையில், "உழைப்பவர் தோள் சுமந்த சாக்கு, இன்று உங்கள் தோளில்" என்று என் கையெழுத்தில் எழுதி முன்னால் வைத்தேன். வசந்தா அதைப் பார்த்து, "பட்டிமன்றமா நடக்குது இங்க?" என்றாள். ஆனாலும் எடுக்கவில்லை.

பத்து மணிக்கு வரவேண்டியவர்கள் பதினொன்றரைக்கு வந்தார்கள். ரஹ்மத் நிஷா சரிகைப் பைகளைத் தொடவே இல்லை.

"மாசத்துக்கு எத்தனை தைப்பீங்க டீச்சர்?"

"இருபது."

"நூறு கேட்டா?"

"முதல்ல கேக்கட்டும். கேட்டப்புறம் முழிச்சுக்கறேன்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "எங்க வாப்பா கடையில வந்து நின்ன மாதிரி இருக்கு" என்று குறித்துக்கொண்டார்.

பெங்களூர்க்காரர் தரையில் உட்கார்ந்து, ஒரு பையின் உட்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, தையலை விரலால் தடவிக்கொண்டே போனார். "உள்ளே ஏன் இவ்வளவு சுத்தம்? யாரும் பார்க்காது" என்றார்.

"உள்ள நூல் தொங்கினா நான் பிள்ளைங்களுக்கே மார்க் போட்டதில்லை" என்றாள் வசந்தா.

அவர் புரிந்ததுபோல் தலையாட்டினார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கடைசியாக இளங்கோவன். ஐம்பது வயதிருக்கும். அட்டையை நின்று நிதானமாகப் படித்தார்.

"இது யாருங்க எழுதினது?"

நான் கையைத் தூக்கினேன். சும்மா இருந்திருக்கலாம்; "நானும் திருத்துறைப்பூண்டிதாங்க" என்று சேர்த்துக்கொண்டேன்.

"அப்படிங்களா" என்றார், அவ்வளவுதான். பிறகு பக்கத்து மேசைகளிலிருந்து தண்ணீர் பாட்டில்களை வாங்கிப் பையில் அடுக்கி, தோளில் மாட்டிக்கொண்டு மண்டபத்தின் கோடி வரை நடந்து திரும்பினார். சட்டைக் காலரை விலக்கிக் காட்டினார். பட்டை பதிந்த இடம் சிவந்திருந்தது.

"மூட்டை தூக்கறப்ப எங்க அப்பா துண்டைச் சுருட்டித் தோள்ல வெச்சுக்குவாருங்க. இந்தப் பையில துண்டு எங்க இருக்கு? நாளைக்கு வருவோம். அதுக்குள்ள முடியுமான்னு பாருங்க."

அவர்கள் நகர்ந்ததும் என்னால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வசந்தா அட்டையை எடுத்தாள். கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். "எழுத்து என்னமோ நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, பின்பக்கம் திருப்பி விலையை எழுதி வைத்தாள். பக்கத்து மேசையில் பித்தளை விளக்கு வைத்திருந்தவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கீழவாசல் பக்கம் ஒரு தையல்காரரிடம் ஒரு மெஷினைப் பிற்பகல் முழுக்க 200 ரூபாய்க்குப் பேசி வாங்கினாள். நான் பின்னாலேயே நின்றேன்.

"நீங்க இப்படி மூச்சு விட்டுக்கிட்டு நின்னா எனக்குக் கால் ஓடாது. எங்கயாவது போயிட்டு வாங்க."

திருவையாறு போனது இப்படித்தான். பதின்மூன்று கிலோமீட்டர், டிக்கெட் 15 ரூபாய். வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் வரும். நான் எண்ணியபோது நான்குதான் வந்தது; எங்கோ கவனம் போய்விட்டது. சம்பா அறுவடை நேரம். சாலையில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள். எதிரே அறுவடை இயந்திரம் வந்ததால் பேருந்து நின்றுவிட்டது. எப்போது கிளம்பும் என்று இரண்டு முறை கேட்டேன். "அதுக்குச் சிறகு இல்லையே ஐயா, வயல்ல இறங்கித்தான் வழி விடணும்" என்றார் நடத்துநர். மேட்டூர் அணையை மூடிவிட்டதால் காவிரியில் ஓரமாகத்தான் தண்ணீர். படித்துறையில் எல்லோரும் மணிக்கணக்கில் உட்காரலாம் என்று எழுதுவார்கள். என்னால் பத்து நிமிடம் முடியவில்லை. அந்த ஊர் இனிப்பான அசோகா அல்வா கால் கிலோ வாங்கிக்கொண்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டேன்.

மறுநாள் பத்து மணிக்குள் ஆறு பைகளில் பட்டை மாறியிருந்தது. பழைய துண்டைச் சுருட்டி உள்ளே வைத்துத் தைத்திருந்தாள். இளங்கோவன் மறுபடி பாட்டில்களை அடுக்கி, மறுபடி நடந்தார். காலரை விலக்கித் தடவிப் பார்த்தார். "ம்" என்றார். மாலை நான்கு மணிக்குக் கரும்பலகையில் எட்டுப் பெயர்கள். ஆறாவது பெயர் வசந்தா. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, இன்னொரு முறை படித்தாள். பிறகு அசோகாப் பொட்டலத்தைப் பிரித்து விளக்குக்காரருக்கும் கொடுத்தாள்.

நான் இளங்கோவனைத் தேடிப்போய், "ஒரே மண்ணுன்னு நீங்க எங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"ஐயா, உங்களுக்கு ஓட்டுப் போடாத ஆளே நான் ஒருத்தன்தான்" என்றார். குரலில் கோபம் இல்லை. "அவங்க ரெண்டு பேரும் போட்டாங்க. பட்டை இப்ப நல்லா இருக்கு, அதை எழுதியிருக்கேன். ஆனா சாக்கு எனக்கு ஆகாதுங்க. அந்த வாசனையிலதான் வளந்தேன். காசு குடுத்து இதை வாங்கி மாட்டிக்கன்னு இன்னொருத்தருக்கு எப்படிச் சொல்லுவேன்?"

பின்னாலேயே வந்துவிட்ட வசந்தா ஒரு பையை நீட்டினாள். "மூணு தண்ணி துவைச்சுத்தான் தைக்கறேன். மோந்து பாருங்க."

அவர் மோந்து பார்த்தார். "சோப்புக்குக் கீழ இருக்கு டீச்சர்."

அவளும் வாங்கி மோந்தாள். "எனக்கு வரலியே" என்றாள்.

"உங்களுக்கு வராது" என்றார். இருவரும் சிரித்தார்கள். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பகலில் வெயில் கடுமை. மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே மேசை கேட்டு வாங்குங்கள். ஊசி, நூல், கத்தரிக்கோல் கையோடு இருக்கட்டும். அறுவடைக் காலத்தில் திருவையாறு போய்வர ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பொருளுக்குப் பக்கத்தில் வாசகம் எதுவும் எழுதி வைக்காதீர்கள், விலை போதும்.

தொடக்கத்தில் எண் போட்ட நான்கில் மூன்றாவது தவறு. நடுவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று அழைப்பிதழில் சரியாகத்தான் போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு அந்த மனிதர் எங்களுக்குக் கடன்பட்டவர்போல் நான் நினைத்துக்கொண்டதுதான் பிழை. அவர் பிறந்த ஊர் அவர் முடிவில் இருந்தது. ஆனால் அது எங்களுக்கு எதிராகத்தான் இருந்தது, அதற்கு அவரிடம் காரணமும் இருந்தது.