சந்தேகப் பெட்டி

சட்டை தைக்கும் கம்பெனியில் அவளுக்குக் கழுகு என்று பட்டப்பெயர். பதினொரு வருடமாகச் செக்கிங் மேஜையில் நிற்கிறாள். ஒரு தையல் விட்டுப்போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. சந்தேகமான சட்டையை ஒரு தனிப் பெட்டியில் போட்டுவைத்து, சாயங்காலம் மாஸ்டரிடம் காட்டிக் கேட்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கழுகின் பெட்டி எப்போதும் காலியாகவே கிடக்கும். போய்க் கேட்டால் கௌரவம் என்னாவது? சந்தேகம் வந்தால் அந்தச் சட்டையை அங்கேயே கழித்துவிடுவாள்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்குச் சர்க்கரை உண்டு. கர்ப்பமானதும் டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தி இன்சுலினுக்கு மாற்றினார். முணுமுணுக்காமல் குத்திக்கொண்டாள். பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஊசியை விடாமல் போடச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வந்த மூன்றாம் வாரம் அவள் மனசை ஒரு கேள்வி அரிக்க ஆரம்பித்தது. பால் நேராகப் பிஞ்சு வயிற்றுக்குப் போகிறதே, ஊசி மருந்தும் கூடவே போகாதா? டாக்டரம்மாவின் நம்பர் போனில் இருந்தது. போன் தலைமாட்டில் இருந்தது. மகராசி கேட்கவில்லை. சட்டையைக் கழித்த மாதிரி ஊசியைக் கழித்துவிட்டாள். புருஷன் லிஃப்ட் ரிப்பேர்க்காரன், விடிந்ததும் கிளம்பிவிடுபவன். அவன் கேட்டபோதெல்லாம் வாய் கூசாமல் போட்டாச்சு என்றாள்.

நான்கு நாள் ஓடியது. குடம் குடமாகக் குடித்தும் தாகம் அடங்கவில்லை. கண் மங்கியது. ஐந்தாம் நாள் காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு, ஒன்றுமில்லை, பித்தம் என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள்.

அன்று பார்த்து நாத்தனார் லீவு போட்டு வந்திருந்தாள். பஸ் கண்டக்டர். ஐம்பது பேர் நெரிசலில் டிக்கெட் வாங்காதவனைக் கண்டுபிடிக்கிறவளிடம் எதை மறைக்க முடியும்? ஃபிரிட்ஜைத் திறந்தவள் இன்சுலின் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். போன ஞாயிற்றுக்கிழமை பார்த்த அதே மட்டம்.

"எத்தனை நாளாச்சு?"

கழுகு சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. நாத்தனார் குழந்தையை ஒரு கையிலும் அவளை மறு கையிலும் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்து ஆட்டோவை மறித்தாள். பாதி வழியில் கழுகின் தலை தொங்கிவிட்டது. குழந்தை பசியில் வீரிட்டது. ஆயிரம் சண்டையை அசராமல் சமாளித்த கண்டக்டர், சீக்கிரம் போப்பா என்று ஆட்டோக்காரனிடம் கெஞ்சினாள்.

"பாப்பாவுக்கு எதுவும் ஆகிடக் கூடாதுன்னுதான், அண்ணி..." என்றாள் கழுகு, நாக்கு குழற.

"அதுக்கு அம்மா இல்லாமப் போனாப் பரவாயில்லையா?"

ஆஸ்பத்திரியில் சர்க்கரை நானூற்றைத் தாண்டியிருந்தது. ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். ரத்தம் எடுத்தார்கள், மறுபடியும் எடுத்தார்கள். புருஷன் கிரீஸ் கையோடு ஓடி வந்தான். இன்னும் அரை நாள் விட்டிருந்தால் கை மீறியிருக்கும் என்று டாக்டரம்மா அவனைத் தனியே அழைத்துச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம்தான் அவள் எழுந்து உட்கார்ந்தாள். டாக்டரம்மா திட்டவில்லை. இன்சுலின் துளி பாலில் வந்தாலும் அது குழந்தையின் வயிற்றில் செரித்துவிடும், கெடுதல் இல்லை என்றார். மாத்திரைகள் அப்படியில்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம், எதையும் கேட்காமல் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது என்றார்.

நர்ஸ் ஊசி போட்டுவிட்டுப் போனாள். நாத்தனார் தோளில் குழந்தை சிணுங்கியது. கழுகு அதையே பார்த்தாள். பதினொரு வருடக் கௌரவத்தைத் தொண்டைக்குள் விழுங்கினாள்.

"டாக்டர், ஒரு சந்தேகம். ஊசி போட்டு எவ்வளவு நேரம் கழிச்சுப் பால் குடுக்கலாம்?"

"இப்பவே குடுக்கலாம். ஆனா குடுக்கும்போது உங்களுக்குச் சர்க்கரை இறங்கலாம். முதல்ல நீங்க ஏதாவது சாப்பிடுங்க."

கழுகுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நாத்தனார் அதைக் கண்டுகொள்ளவில்லை. பையைத் துழாவி எடுத்த இரண்டு பிஸ்கெட்டை அவள் வாயில் திணித்து, மென்று முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் குழந்தையைக் கொடுத்தாள்.