வேலுச்சாமி பெயருக்கு எந்த எழுத்து?

போன செவ்வாய்க்கிழமை ஒரு வைன் பாட்டிலைப் பார்த்து ஒரு பெண் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுததை நேரில் பார்த்தேன். புருஷன் குடித்துவிட்டு வந்த கதை என்று நினைத்தீர்களானால்... இல்லை. பாட்டிலில் ஒரு சொட்டு வைன் கிடையாது. வெறும் தண்ணீர்தான். அழ வைத்தது லேபிள்!



என் தங்கை செல்வி திண்டுக்கல்லில் டிசைன் கடை வைத்திருக்கிறாள். ஊரில் நல்லது கெட்டது எதுவானாலும் அவள் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டுத்தான் சுவருக்கு வரும். அவளுக்கு இப்போது ஒரு பெரிய வாய்ப்பு. அம்பாத்துரைப் பக்கம் பன்னீர் திராட்சை வாங்கும் வெளிமாநில வைன் கம்பெனி ஒன்று, விளைவித்தவரின் பெயரையே தமிழில் லேபிளில் போட ஆசைப்பட்டது. ஒரே நிபந்தனை. அந்த விவசாயி வேலுச்சாமி பார்த்துச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், இனி அவர்கள் லேபிள் வேலை முழுக்கச் செல்விக்கு. இல்லையென்றால் பெங்களூருக்குப் போய்விடும்.

"இது மட்டும் அமைஞ்சிருச்சுன்னா ஃப்ளெக்ஸுக்கு ஒரு கும்பிடு போட்டுருவேன்க்கா" என்றாள்.

எழுத்து தேடுவதெல்லாம் ஒரு வேலையா என்று நானும் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. இங்கிலீஷுக்கு ஒரு ஃபான்ட், தமிழுக்கு ஒரு ஃபான்ட் – இரண்டும் ஜோடி சேர வேண்டுமாம். "ரெண்டும் சேர்ந்து கத்தக் கூடாதுக்கா. ஒண்ணு பேசுனா ஒண்ணு கேக்கணும்." (நம் வீடுகளிலேயே நடக்காத காரியம்!)

இங்கிலீஷ் எழுத்து ஒல்லியாக, ஒரே உயரத்தில் நின்றது. நம் எழுத்தோ மேலே ஒரு சுழி, கீழே ஒரு வால் என்று நீண்டது. ஒரு ஃபான்டில் சுழிக்குள் மை அடைத்துக்கொண்டது. இன்னொன்று திருவிழா நோட்டீஸ் மாதிரி இருந்தது. மற்றொன்று அநியாயத்துக்குக் குண்டு... 'வேலு' மட்டும் முன்னால் நிற்க, 'சாமி' பாட்டிலைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்விட்டார்.

கடைசியில் ஒன்று அமைந்தது. தடிமனும் மெலிவும் அளவாக, நிமிர்ந்து, கம்பீரமாக. நானே கைதட்டிவிட்டேன். கலர் வேண்டாம் என்று கம்பெனி சொல்லியிருந்ததால் வெள்ளைத் தாள், கறுப்பு மை. மேலே முட்டை வடிவத்தில் வேலுச்சாமியின் போட்டோ. அதன் கீழே பெயர். அதற்கும் கீழே திராட்சை பறித்த வருஷம். வைன் என்றால் வருஷம் போட்டே ஆக வேண்டுமாம்.

சாம்பிள் பாட்டிலோடு வேலுச்சாமி வீட்டுக்குப் போனோம். அவர் மருந்தடிக்கத் திராட்சைப் பந்தலுக்குப் போயிருந்தார். மனைவி பாண்டியம்மாள் மோர் கொடுத்துவிட்டுத் திரும்பியவர், செல்வி மேஜைமேல் எடுத்து வைத்த பாட்டிலைப் பார்த்தார்.

"அய்யோ... காலையில கஞ்சி குடிச்சிட்டு நல்லாத்தானே போனாக!"

எங்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி பாட்டிலைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு, "எப்ப ஆச்சு?" என்றாள். இன்னொருத்தி வேலுச்சாமியின் செல்லுக்குப் போன் போட்டாள். அது அந்த வீட்டுக்குள்ளேயே சார்ஜரில் கிடந்து அடித்தது. அவ்வளவுதான், அழுகை இரண்டு மடங்கானது.

அப்போதுதான் நானும் பாட்டிலைச் சரியாகப் பார்த்தேன். போட்டோ, கறுப்பு மையில் பெயர், கீழே வருஷம்... அதுவும் அந்த எழுத்தில்! 'கண்ணீர் அஞ்சலி' என்ற இரண்டு வார்த்தைதான் பாக்கி. பஸ் ஸ்டாண்டு சுவரில் தினமும் பார்க்கிற போஸ்டர் அப்படியே பாட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"என்னடி இது?" என்றேன்.

செல்விக்கு முகம் வெளிறிப்போயிருந்தது. "தெரியலக்கா... அந்த போஸ்டருக்கு வர்றவங்கதான் பூ வேணாம், கலர் வேணாம், மரியாதையா இருந்தா போதும்பாங்க. இந்த லேபிளுக்கும் இருக்குறதுலயே மரியாதையான எழுத்து எதுன்னு தேடுனேன். கை தானா இதுல போய் நின்னுருச்சு."

பாண்டியம்மாளின் அழுகையைவிட இதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணத்துக்கு நெளிகிற எழுத்து, தலைவர்களுக்குச் சிவப்பு நிழல் விழுந்த எழுத்து, கடைத்திறப்புக்கு மின்னுகிற எழுத்து – எல்லாம் வைத்திருக்கிறோம். உழைத்துப் பிழைக்கிற ஒரு மனுஷனின் பெயரை அலட்டாமல், மரியாதையாக அச்சடிக்கவும் ஓர் எழுத்து இருக்கிறது. ஆனால் அதற்கு அவர் செத்துப்போக வேண்டும்! இது எந்த ஊர் நியாயம்?

அதற்குள் மொபெட்டில் வேலுச்சாமியே வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்து அவர் பயந்துபோய், "யாருக்கு என்னாச்சு?" என்றார். பாண்டியம்மாள் ஓடிப்போய் அவர் தோளில் ரெண்டு அடி போட்டார். "போனை எடுத்துட்டுப் போனா என்ன?"

செல்வி கண் கலங்க, "மன்னிச்சிருங்கண்ணே, வேற எழுத்துல மாத்திர்றேன்" என்று பாட்டிலைப் பையில் வைக்கப் போனாள். அவர் விடவில்லை. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு தாயி. நான் போனப்பெறகு எப்படியும் இந்த எழுத்துலதான் போடப்போறீக. அன்னைக்கு ஊரே பாக்கும்... நான் பாக்க முடியுமா? இப்பவே பாத்துக்கிறேன், விடு."

செல்வி பையைக் கீழே வைத்தாள்.

போட்டோவை எடுத்துவிடுவது, வருஷத்தைப் பாட்டிலின் பின்பக்கம் போடுவது என்று முடிவானது. வேலுச்சாமி கையெழுத்துப் போட்டார். செல்விக்கு வேலை கிடைத்தது. ஆனால் கிளம்பும்போது பாண்டியம்மாள் வாசலை மறித்துக்கொண்டு ஒரு கண்டிஷன் போட்டார். "இனிமே எந்தச் சாவுக்கும் நீ இந்த எழுத்துல போஸ்டர் அடிக்கப்படாது. இது எங்க வீட்டுக்காரரு எழுத்து."

செல்வி வாக்குக் கொடுத்துவிட்டாள். நேற்று பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். அவள் கடையில் அடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ஒரு பெரியவரின் பெயர், கல்யாணப் பத்திரிகை எழுத்தில் கொடியும் வளைவுமாக...

போட்டோவில் அவரும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தார்.