கேமுக்குள் அடைத்த வேலி

எங்கள் ஊரில் ஒருவனுக்கு வளவு வாய்த்தால் முதலில் வேலியை அடைப்பான். கிணறு, வீடு, கலியாணம் எல்லாம் அதற்குப் பிறகுதான். நானும் அந்தப் பரம்பரைதான் என்பது, மகளுடைய கேமுக்குள் கால் வைத்த அன்றுதான் எனக்கே முழுதாக விளங்கியது.

வருடத் தொடக்கத்தில் வவுனியாவிலிருந்து கொக்குவிலுக்கு வந்தோம். தரம் ஆறு, புதுப் பள்ளிக்கூடம். மகள் வாயே திறக்கவில்லை. “பிள்ளை வீட்டிலையாவது கதைக்கிறவவோ?” என்று வகுப்பு ரீச்சர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பரிந்துரைத்த மருந்து பேச்சுப் போட்டி. நானே எழுதிக் கொடுத்த உரையோடு மேடையேறியவள், “அவையோருக்கு வணக்கம்” வரை போய், இறங்கி வந்துவிட்டாள். பிறகு அந்த உரையை நான் வாசித்துப் பார்த்தேன். அவள் செய்தது சரிதான்.

வகுப்பில் பக்கத்து வாங்கில் இருக்கும் கொழும்புத்துறைப் பிள்ளை ஒருத்திதான், கைபேசியில் கட்டைகளை அடுக்கி ஊர் கட்டும் அந்தக் கேமுக்கு இவளைக் கூப்பிட்டாள். வகுப்பில் தலையாட்டலோடு நின்ற சிநேகம், கேமுக்குள் வாயாடியது. வீடியோ கேம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று வாசிகசாலைக் கூட்டத்தில் முக்கால் மணித்தியாலம் முழங்கியவன் நான், ஒரு கேமைக்கூட விளையாடிப் பார்க்காமலே. ஆகவே சனிக்கிழமை பின்னேரம் மகள், “அப்பா, ஒராள் குறையுது, வாறியளோ?” என்று கேட்டபோது, ஆராய்ச்சிக்காகப் போனேன்.

தண்ணீர்க் கரையில் எனக்கு ஒரு துண்டுக் காணி தந்தார்கள். குதிக்கப் பழகப் போய் இரண்டு தரம் தண்ணீரில் விழுந்தேன். மகள் கூரைக்கு மரம் வெட்டப் போனாள். கொழும்புத்துறைக்காரி தோணியில் மீன்பிடிக்கப் போனாள். திரும்பி வந்த மகள் திகைத்து நின்றாள்.

“அப்பா, உதென்ன?”

“வேலி.”

“ஏன்?”

“வளவெண்டால் வேலி வேணும்தானே.”

“இஞ்சை ஆரப்பா எல்லையைத் தள்ளப் போகினம்?”

அதற்குள் கேமில் இருட்டிவிட்டது. இருட்டினால் பேய்கள் வரும். எல்லோரும் வீட்டுக்குள் ஓட வேண்டும். தோணியிலிருந்து வீட்டுக்கு இருந்த ஒரே பாதை என் வேலிக்குள் போயிருந்தது. கொழும்புத்துறைக்காரி வேலியில் முட்டி முட்டி நின்று, பேயிடம் மாட்டிச் செத்தாள். அங்கே செத்தால் உயிர் திரும்ப வரும். கையிலிருந்த சாமான்கள் செத்த இடத்திலேயே கிடந்து, கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும்.

மகளின் கைபேசியில் அவள் குரல் வெடித்தது. “ஆரடி பாதையை மறிச்சது? நாள் முழுக்கச் சேர்த்ததெல்லாம் போச்சு! இனி உன்னோடை சேரமாட்டன்!”

பள்ளிக்கூடம் முழுவதிலும் என் பிள்ளைக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள்.

“அப்பாதான். தெரியாமச் செய்துபோட்டார்,” என்றாள் மகள்.

“இல்லை, வேணுமெண்டுதான் செய்தவர்!”

“போடி, அவருக்குக் குதிக்கவே தெரியாது, சதி செய்யத் தெரியுமே?”

மறுபக்கத்தில் ஒரு மூக்குறிஞ்சல். பிறகு அடக்க முடியாத சிரிப்பு.

“சாமான் விழுந்த இடம் எனக்குத் தெரியும். நான் பேயை அங்காலை இழுத்துக்கொண்டு போறன், நீ ஓடிவந்து எடு. அப்பா, நீங்கள் வேலியைப் பிடுங்குங்கோ. பிடுங்கிறது மட்டும். வேறையொண்டும் செய்யாதேங்கோ.”

மேடையில் வணக்கத்தோடு நின்ற வாயா இது! நான் பணிவோடு பிடுங்கினேன். மீன்கள் உட்பட எல்லாம் மீண்டன. எனக்கும் என் அண்ணைக்கும் இடையில் எல்லையில் நிற்கும் ஒரு பனையை முன்னிட்டு நடக்கும் வழக்கு, எங்கள் தலைமயிரை நரைக்க வைத்துவிட்டு இன்னும் நடக்கிறது. இவர்களுடையது என் தேநீர் ஆறுமுன் தீர்ந்துவிட்டது.

திங்கள் காலை மகளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கினேன். வழக்கமாக என் சேர்ட்டைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நிற்பாள். அன்று உள்ளேயிருந்து கொழும்புத்துறைக்காரியின் குரல்: “ஏய், வேலிக்காரற்ரை மகள்!”

கூட நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கதை பரவியிருந்தது. நான் மகளின் முகத்தைப் பார்த்தேன்.

“செத்தவவுக்கு வாய்க்குக் குறைவில்லை!” என்று வாசல் அதிரக் கத்திக்கொண்டு ஓடினாள் அவள். நான் எப்படிக் குதிக்கப் போய்த் தண்ணீரில் விழுந்தேன் என்பதை நடித்தே காட்டத் தொடங்கினாள். சுற்றிவரச் சிரிப்பு.

எனக்குக் கைகாட்ட மறந்துவிட்டாள். நானும் நினைவூட்டவில்லை.