சம்பந்தியும் நானும் குடித்த பியர்

எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரிலேயே காய்ச்சும் பியரைத் தேடிப் போய் ஒரு கிளாஸ் குடித்துப் பார்ப்பது என் வழக்கம். பெங்களூர், புனே, புதுச்சேரி என்று பல ஊர்களில் இப்படி அலைந்திருக்கிறேன். குடிப்பது கொஞ்சம்தான். தேடிக் கண்டுபிடிப்பதில்தான் எனக்குச் சுகம். என் மனைவிக்கு இது பழகிவிட்டது. ஆனால் கொல்கத்தாவுக்கு ரயில் ஏறும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"இது பொண்ணு குடுத்த இடம். உங்க பியர் சோலியெல்லாம் இந்தத் தடவை வேண்டாம். பாத்துக்கிடுங்க."

சம்பந்தி வீடு கார்டன் ரீச்சில். அவர் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கம்தான் என்றாலும் பிறந்து வளர்ந்ததெல்லாம் கொல்கத்தா. மருமகனுக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை, மகளுக்கு ஒரு வங்கியில். இருவரும் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். சம்பந்தியும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். அவர் வங்காளி பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "டீ குடிச்சியளா?" என்பார். "ஆச்சு" என்பேன். கல்யாணம் முடிந்து ஒரு வருஷமாகியும் எங்கள் பேச்சு அதைத் தாண்டவில்லை.

ஒருநாள் என் மனைவியும் சம்பந்தியம்மாவும் கரியாஹாட்டுக்குச் சேலை எடுக்கக் கிளம்பினார்கள். எனக்கு வாய்ப்பு வந்துவிட்டது. "நான் அப்படியே படகுல ஹவுரா போயிட்டு வாரேன்" என்றேன். பார்க் ஸ்ட்ரீட் பக்கம் பியர் காய்ச்சும் இடம் ஒன்று இருப்பதை முன்பே போனில் பார்த்து வைத்திருந்தேன்.

"தனியா எதுக்கு? நானும் வாரேன்" என்று சம்பந்தி குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். என் முகம் தொங்கிப்போனது.

பாபுகாட்டில் படகு ஏறினோம். குளிர்கால வெயில் ஆற்றின் மேல் இதமாக விழுந்து கிடந்தது. நடு ஆற்றில் சம்பந்தி தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கிடக் கூடாது."

மகளைப் பற்றி ஏதோ குறை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீங்க பியர் சாப்பிடுவியளா?"

அவரே அவசரமாகத் தொடர்ந்தார். "மருமக போன்ல உங்க போட்டோ பாத்தேன். பின்னால பெரிய பெரிய டாங்க் இருந்துச்சு. அந்த மாதிரி கடை இங்கயும் ஒண்ணு வந்திருக்கு. எனக்குப் போய்ப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. பையனைக் கூப்பிட முடியுமா? என்கூட வேலை பாத்தவங்க எல்லாம் ஊரைப் பாக்கப் போயிட்டாங்க."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். படகு ஹவுராவைத் தொட்டதும் கரையில் இறங்கி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம். "பொய் சொன்ன மாதிரி ஆயிரக் கூடாதுல்லா" என்றார் சம்பந்தி. அடுத்த படகிலேயே திரும்பினோம்.

கடைக்குள் எல்லாம் சின்னஞ்சிறுசுகள். பாட்டு அதிர்ந்தது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் டாங்குகள் பளபளத்தன. "வாங்க காக்கு" என்று சித்தப்பாவை அழைப்பதுபோல ஒரு பெண் எங்களை வரவேற்று, ருசி பார்ப்பதற்காகச் சின்னச் சின்ன கிளாஸ்களை ஒரு பலகையில் வரிசையாகக் கொண்டுவந்து வைத்தாள். முதல் கிளாஸில் இந்த ஊர் கந்தராஜ் எலுமிச்சை மணத்தது. சம்பந்தி ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மீசையில் நுரை. குல்லாவைக் கழற்ற மறந்திருந்தார்.

கடைசி கிளாஸ் கறுப்பாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினேன்.

"சம்பந்தி, கருப்பட்டி!"

"கருப்பட்டி இல்ல, நோலேன் குர். ஈச்ச மரத்துப் பதநீர்ல காச்சுத வெல்லம். குளிர்காலத்துல மட்டும்தான் கிடைக்கும்" என்றவர், தானும் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆனா நீங்க சொல்லுததும் சரிதான். எங்கம்மா ஊர்லருந்து கொண்டாந்த டப்பாவைத் திறந்தா இப்படித்தான் வாசம் வரும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேச்சு நிற்கவில்லை. சின்ன வயதில் கால்பந்து ஆடி முன்பல்லை உடைத்துக்கொண்டது, பெண் பார்க்க ஊருக்குப் போய்த் தமிழில் உளறியது என்று ஒவ்வொன்றாக வந்தது. என்னை எப்போது 'அத்தான்' என்று கூப்பிட ஆரம்பித்தார் என்று நான் கவனிக்கவே இல்லை.

அப்போது அவர் போன் அடித்தது. சம்பந்தியம்மா.

"ஹவுராலதான் நிக்கோம்" என்றார்.

"ஹவுராவுல யாரு இப்படிக் குத்துப்பாட்டு போடுதா? பார்க் ஸ்ட்ரீட் கடையிலதானே இருக்கிய? நகராதீங்க. நாங்க வாரோம்."

இருவரும் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் சேலைப் பைகளோடு பெண்கள் இருவரும் வந்து நின்றார்கள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் சம்பந்தியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வங்காள மொழியில் மீன் வறுவல் கொண்டுவரச் சொன்னார்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சம்பந்தி ஈனக்குரலில்.

"பஸ்ல இந்த வழியா போறப்பல்லாம் கழுத்து சுளுக்குத மட்டும் இந்தக் கட்டடத்தையே பாக்கிய. எனக்குக் கண்ணு இல்லையா?"

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் எனக்கு உயிர் வந்தது. சம்பந்தியம்மா கறுப்பு கிளாஸை எடுத்து ஒரு வாய் வைத்துவிட்டு, "கஷாயம்" என்று முகத்தைச் சுளித்து என் மனைவி பக்கம் தள்ளினார். அவள் வேண்டாம் என்பாள் என்றுதான் நினைத்தேன். வாங்கி ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். நான் கை நீட்டியபோது கிளாஸைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா இதையா தனியாப் போய்க் குடிச்சிய?" என்றாள்.

பொழுது சாயும் நேரத்தில் நால்வரும் ஒரே டாக்ஸியில் திரும்பினோம். முன் சீட்டில் சம்பந்தி ஏதோ வங்காளிப் பாட்டை எடுத்துவிட, டிரைவரும் சேர்ந்துகொண்டார், நான் சீட்டில் தாளம் தட்டினேன். பின்னால் பெண்கள் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டு வந்தார்கள். வீட்டு வாசலிலும் பாட்டு நிற்கவில்லை. கதவைத் திறந்த மகள் எங்கள் நான்கு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து மருமகனிடம் சொன்னாள்.

"சீக்கிரம் வாங்க. உங்க அப்பா பாடுதாரு, எங்கப்பா தாளம் போடுதாரு. நான் மட்டும் பாத்தா போதாது."