கழுத்தில் பூசிய வெள்ளிச் சாயம்

என் வீட்டுக்காரருக்கு மலைக்காட்டில் பால் வெட்டு. எனக்குக் கீழே தட்டைக்காட்டில். எழுபதுகளின் கடைசி அது. மலேசியாவில், ஈப்போவிலிருந்து பஸ் பிடித்தால் எங்கள் தோட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மலைக்காட்டு ஆட்கள் வெட்டி எடுத்த ரப்பர் பாலை இரண்டு பெரிய வாளிகளில் சேர்த்து, சைக்கிளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டு, செம்மண் சடக்கில் இறங்கி பால் கொட்டகைக்கு வர வேண்டும். மழை அறுத்துப் போட்ட பாதை. வேரும் கல்லும் குழியுமாக இருக்கும். வெறும் கையோடு நடந்து இறங்கவே எனக்கு முட்டி வலிக்கும்.

அவருடைய சைக்கிள் மற்றவர்களுடையதைப் போல இல்லை. ஈப்போவில் ஒரு சீனர் கடையில் பழசாக வாங்கியது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில் பக்கத்துக்கு ஒரு ஸ்பிரிங் இருந்தது. குழியில் இறங்கினால் ஸ்பிரிங் அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். அதனால் வாளிப் பால் அவ்வளவாகத் தளும்பாது.

கொட்டகையில் வரிசையில் நிற்கும்போது அவருடைய கூட்டாளிகள் விடமாட்டார்கள்.

"என்னா மச்சான், சைக்கிளா தொட்டிலா இது? அந்த ஆட்டு ஆடுது. தூங்கிக்கிட்டே எறங்குறியா?"

"வயிறு எரியாதடா. எம் பாலு வாளியில இருக்கு, உம் பாலுல பாதிய மண்ணு குடிச்சிருச்சு."

"சைக்கிள் மெக்கானிக்கு யாரு, தங்கச்சிதான? வெச்சாலும் வெச்ச, நல்ல மெக்கானிக்காத்தான் வெச்சிருக்க மச்சான்."

நான் தலையைக் குனிந்துகொண்டு வாளியைப் பார்ப்பேன். அவருக்கோ பெருமை தாங்காது. "ஆமாடா, என் பொண்டாட்டிதான். அவ கை பட்டா போதும், ஒரு நெட்டு லூசா இருக்காது" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்வார்.

அது உண்மைதான். அவருக்குப் பொறுமை இல்லை. ஒரு நட்டைத் திருகினால் மரை தேயும்வரை திருகுவார். எனக்கு மனிதர்களோடு பேசுவதுதான் கஷ்டம், இரும்போடு உட்கார்ந்திருப்பது கஷ்டமில்லை. தோட்டத்துப் பள்ளியில் ஆறு வகுப்புதான் படித்தேன். இதை எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. சைக்கிள் வாங்கிய அன்று அந்தச் சீனர் கவையைக் கழற்றிப் பூட்டியதைத் தள்ளி நின்று பார்த்தேன். மற்றது எல்லாம் கழற்றிக் கழற்றித் தெரிந்துகொண்டதுதான்.

ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் பைப்படியில், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். முதலில் காய்ந்த பாலைச் சுரண்டி எடுக்க வேண்டும். ரப்பர் பால் ஸ்பிரிங்கின் சுற்றுக்குள் போய்க் காய்ந்துவிட்டால், ஸ்பிரிங் முழுக்க அமுங்காது. பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பேன். ஹேண்டலின் மேல் இரண்டு கையையும் ஊன்றி, உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து அமுக்கிவிட்டு விடுவேன். இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும். ஒரு பக்கம் சோம்பினால், அந்தப் பக்கத்து மூட்டில் கிரீஸ் வற்றிவிட்டது என்று அர்த்தம். மூட்டு நட்டை இறுக்கினால் ஸ்பிரிங் வேலை செய்யாது, தளர்த்தினால் கவை ஆடும். இறுக்கிவிட்டுக் கால் சுற்று திருப்பி விட வேண்டும். அந்தக் கால் சுற்று என் கைக்குத் தெரியும். கடைசியாக முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுவேன். ஹேண்டல் திரும்பும் கழுத்துக்குள் குண்டுகள் தேய்ந்திருந்தால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு சத்தம் வந்தது. ஆனால் அது 'டொக்' இல்லை. 'டிக்' என்றது. நகத்தை நகத்தால் தட்டுவது போல இருந்தது.

அவரும் கேட்டிருந்தார். "எறக்கத்துல பிரேக்கு பிடிச்சா முன்னால என்னமோ டிக்கு டிக்குங்குது புள்ள. பாரேன்."

பார்த்தேன். குண்டுகளைக் கழற்றி எண்ணெயில் போட்டுக் கழுவி, தேய்ந்த இரண்டை மாற்றினேன். ஸ்பிரிங் மூட்டுகளுக்கு கிரீஸ் வைத்தேன். பிரேக் கம்பியைக் கழற்றிவிட்டு ஆட்டினேன், அப்போதும் இருந்தது. கழுத்து நட்டை அரைச் சுற்று இறுக்கினேன், அடங்கிவிட்டது. கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடங்கியதே தவிரப் போகவில்லை. இது இப்போது தெரிகிறது.

பூஜைக்கு முந்தின நாள் எங்கள் லயத்தில் எல்லோரும் வேலைச் சாமான்களைக் கழுவித் துடைப்போம். வெட்டுக் கத்தி, வாளி, சைக்கிள் எல்லாம். பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் பால் கொட்டகைத் தொட்டிக்கு வெள்ளிச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். டின்னில் மீந்ததை அக்கா கொண்டுவந்து கொடுத்தார்.

"இந்தா, உன் தொட்டிலுக்கு அடி. நாளைக்கு சாமி முன்னால மாப்பிள்ள மாதிரி நிக்கட்டும்லா."

சாயம் அடிக்கும் முன் உப்புத்தாளால் தேய்த்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். ஹேண்டலுக்குக் கீழே, சட்டத்தின் கீழ்க்குழாய் கழுத்தோடு சேர்கிற இடத்தில், அடிப்பக்கமாக ஒரு கோடு. தலைமுடி அளவுதான் இருக்கும். துரு அதிலிருந்து கசிந்து லேசாகச் சிவந்திருந்தது. வாளிக் காது உரசிய கீறலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாளி தொங்குவது பின்னால். முன் கழுத்தின் அடியில் அது எப்படி உரசும்? இந்தக் கேள்வி அன்றைக்கு எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. சீனர் கடைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்றும் நினைத்தேன். அவரைப் போகச் சொல்லலாம், பூஜை முடியட்டும் என்று நினைத்தேன். உப்புத்தாளால் தேய்த்ததும் சிவப்புப் போனது. சாயம் அடித்ததும் கோடும் போனது. சைக்கிள் அவ்வளவு அழகாக இருந்தது.

மறுநாள் சைக்கிளுக்கு மாலை போட்டு, ஹேண்டலிலும் சட்டத்திலும் சந்தனம் குங்குமம் வைத்தேன். கழுத்தடியிலும் ஒரு பொட்டு வைத்தேன். சாமிக்கு வைத்த சாமானை அன்று யாரும் தொட மாட்டோம். ராத்திரி முழுக்க அந்தக் கோடு என் நினைப்பில்தான் இருந்தது. எழுந்து போய்ச் சாயத்தைச் சுரண்டிப் பார்க்கவா? சாமிக்கு வைத்த சைக்கிளில் சந்தனத்தை அழித்துவிட்டுச் சாயத்தைச் சுரண்டுவதா? நினைக்கவே பயமாக இருந்தது.

பூஜையன்று சாயங்காலம் அவர் கூட்டாளிகளோடு ஒரு கிளாஸ் கள் குடித்தார். ஒரே ஒரு கிளாஸ். நான்தான் பக்கத்தில் மொச்சை வைத்துக் கொடுத்தேன். அதனால் எனக்குத் தெரியும்.

விடிந்ததும் மாலையோடு சைக்கிளை வெளியே எடுத்தார். படியில் இறக்கும்போது பிரேக்கைப் பிடித்தார். 'டிக்.'

"ஏங்க" என்றேன்.

அவர் திரும்பினார். வாசலில் அவருடைய கூட்டாளிகள் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர், "என்னா தங்கச்சி, புது மாப்பிள்ளைய அனுப்ப மனசு வரலியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பூஜை முடிந்து சாமான் முதல்முதலாக வேலைக்குப் போகும் காலையில், போகாதே என்று எந்தப் பொம்பளையும் சொல்ல மாட்டாள். அதுவும் நாலு ஆம்பளைகள் முன்னால், நான்.

"ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க" என்றேன்.

பத்து மணி தாண்டியிருக்கும். நான் பால் கொட்டகை வரிசையில் நின்றேன். மேலே சடக்கில் கூச்சல் கேட்டது. வாளிகளை வைத்துவிட்டு எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். மூன்றாவது வளைவில், செம்மண் மேல் பால் வெள்ளையாக ஓடிக் கிடந்தது. முன் சக்கரமும் கவையும் ஹேண்டலும் தனியாகக் கிடந்தன. மீதிச் சைக்கிள் பத்தடி தள்ளிக் கிடந்தது. அவர் ஓரத்து வாய்க்காலில் கிடந்தார். தலையிலும் மீசையிலும் பால். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "பாலு போச்சு புள்ள" என்றார்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் இருந்தார். முடியில் காய்ந்த பால் ரப்பராகிவிட்டதால் கத்தரிக்கோலால் நான்தான் முடியை வெட்டி எடுத்தேன். வலது தோள் கூடிவரவில்லை. அந்தக் கையால் அதற்குப் பிறகு வெட்டுக் கத்தியைத் தூக்கவே முடியவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பேச்சு கிளம்பிவிட்டது. காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டில், எல்லோர் முன்னாலும் கங்காணி சொன்னார்: "பூஜைக்குக் குடிச்சிட்டு மலை எறங்குனா இப்படித்தான். எல்லாரும் பாத்துக்கங்க."

எனக்கு முன்னால் நின்றவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனேன்.

அன்று வேலை முடிந்து வந்து, வீட்டுக்குப் பின்னால் யாரோ கொண்டுவந்து போட்டிருந்த சைக்கிளைப் பார்த்தேன். இரண்டு துண்டு. கழுத்தில் உடைந்த வாயைத் திருப்பினேன். மேல்குழாய் விழுந்தபோது முறுக்கிப் பிய்ந்திருந்தது. கீழ்க்குழாயின் வட்டத்தில் பாதி, புது இரும்பு போலப் பளபளவென்று இருந்தது. மற்ற பாதி பழுப்பேறித் துருப்பிடித்துக் கிடந்தது. துருப்பிடித்த பாதி அடிப்பக்கம். நான் கோட்டைப் பார்த்த இடம். அந்தப் பாதி உடைந்து ரொம்ப நாளாயிருந்தது. மீதிப் பாதிதான் அத்தனை நாளும் அவரையும் இரண்டு வாளிப் பாலையும் தாங்கி இறங்கியிருக்கிறது. துரு விளிம்பில் வெள்ளிச் சாயம் கொஞ்சம் உள்ளே இறங்கிக் காய்ந்திருந்தது.

அந்தத் துண்டைப் பெரட்டுக்கு எடுத்துப்போய், "பாருங்க, இவரு குடிச்சதால விழல, இது ஏற்கெனவே பிளந்திருந்துச்சு" என்று காட்டியிருந்தால் போதும். பார்க்கிறவர் யாருக்கும் புரியும். அடுத்த கேள்வியும் வரும். மெக்கானிக்கு யாரு?

ஒரு சாக்கை எடுத்து அதன் மேல் போட்டேன்.

அவர் வீட்டுக்கு வந்தார். கூட்டாளிகள் பார்க்க வந்தார்கள். அதில் ஒருவர் நல்ல மனசோடுதான் கேட்டார்: "மச்சான், நீ குடிகாரன் இல்ல, எங்களுக்குத் தெரியும்லா. சைக்கிள்ல எதாச்சும் கோளாறா?"

நான் அடுப்படியில் நின்றேன். கையில் காப்பித் தட்டு.

"சைக்கிள்ல ஒரு கொறையும் இல்ல" என்றார். "ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம அவ நெட்டு நெட்டா பாப்பா. பூஜைக்குப் புதுசு மாதிரி ஆக்கி வெச்சிருந்தா. நான்தான். அந்த ஒரு கிளாஸ குடிச்சிருக்கக் கூடாது. காலையில தலை லேசா கனமா இருந்துச்சு, இப்ப நெனச்சா அப்படித்தான் தோணுது."

தலை கனமாக எல்லாம் இல்லை. அன்று காலை நல்ல தெளிவோடு மூன்று தோசை சாப்பிட்டுவிட்டுப் போனார்.

கூட்டாளிகள் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிரு புள்ள. நீ பாத்துப் பாத்துச் செஞ்சத நான் கெடுத்துட்டேன்" என்றார். மாரியம்மன் மேல் சத்தியமாக இனிக் கள்ளைத் தொட மாட்டேன் என்றார். நான் அழுதேன். அவர் குடியை விட்டதற்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "அழுவாத, அழுவாத" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அவரைக் களைக்கொல்லி மருந்து கலக்கிக் கொடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். பொம்பளைகளோடு நிற்கும் வேலை. அவர் முணுமுணுக்கவில்லை. தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட தண்டனை போலச் செய்தார்.

மறு வருஷம் பழைய இரும்பு வாங்கும் சீனர் லாரியில் வந்தார். என் வீட்டுக்காரரே சாக்கை விலக்கி, இடது கையால் முன் துண்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். லாரிக்குப் பக்கத்தில் நின்றார்.

"எங்க உடைஞ்சிருக்குன்னு ஒரு தடவ பாத்துருவோமா" என்று அதைத் திருப்பப் போனார்.

"வேணாங்க!" என்று கத்திவிட்டேன். லயமே திரும்பிப் பார்த்தது. என் வாயிலிருந்து அவ்வளவு சத்தம் யாரும் கேட்டதில்லை. "பாத்தா மனசுதான் கஷ்டப்படும். குடுங்க இப்பிடி."

அவர் கையிலிருந்து வாங்கி, உடைந்த வாயை என் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு போய், நானே லாரியில் போட்டேன். "இத்து சாஜாவா?" இவ்வளவுதானா என்று சீனர் மலாயில் கேட்டார். தலையை ஆட்டினேன். திரும்பி வந்தபோது, "எம் மேல உனக்கு எவ்வளவு பாசம்" என்றார் அவர்.

எண்பதுகளின் நடுவில், நெஞ்சு வலி வந்து ஒரே நாளில் போய்விட்டார். கடைசிவரை கள்ளைத் தொடவில்லை. காரியத்தன்று, வேலையை விட்டு வயதாகிவிட்ட அந்தக் கங்காணியும் வந்து பாயில் உட்கார்ந்தார். "தங்கமான மனுசன். அன்னிக்கி ஒரு நாளு அந்தக் குடி மட்டும் இல்லேன்னா" என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவர் பேரைத் துடைத்து எடுக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஊரே உட்கார்ந்திருந்தது. அவர் படம் முன்னால் இருந்தது.

நானும் தலையை ஆட்டினேன்.

இப்போது ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் மருமகன் ஒரு கல்யாணத்தில் பீர் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பப் போனார். மகள் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எங்கப்பாவும் ஒரு கிளாஸ்தான் குடிச்சாரு. குடிச்சிட்டு மலையில விழுந்து கை போச்சு. அம்மாவ வேணுமின்னா கேளுங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா தம்பி" என்றேன். "காலையில போங்க."